வெர்னிஸ் லைக்கரின் ஆறடிப் புல்

எங்கள் க்ரோன்பெர்க்கில் வெர்னிஸ் லைக்கரிடமிருந்து கடிதம் வாங்காத குடும்பம் குறைவு. நல்ல சேதிக் கடிதம் இல்லை. "தங்கள் நிலத்தில் முள்ளுச்செடிக் களை பூத்திருப்பது கண்டறியப்பட்டது, பதினைந்து நாட்களுக்குள் அகற்றவும்" என்கிற கடிதம். மாவட்டக் களை ஒழிப்புத் துறையில் அவர் இருபத்தாறு வருஷம் அதிகாரி. துறை என்றால் அவர், களைக்கொல்லி தெளிக்கும் ஒரு மருந்து வண்டி, ஒரு மேஜை. சொந்த அண்ணனுக்கு மூன்று நோட்டீஸ் அனுப்பினார். கோயில் தோட்டத்துக்காக ஃபாதருக்கே ஒன்று அனுப்பினார். அடுத்த ஞாயிறு பூசையில், கோதுமையும் களையும் அறுவடைவரை சேர்ந்தே வளரட்டும் என்கிற வாசகத்தை ஃபாதர் எடுத்துப் பிரசங்கம் செய்தார். வெர்னிஸ் முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். திங்கட்கிழமை காலை, கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருப்பதை ஃபாதருக்கு போன் செய்து நினைவூட்டினார்.

நான் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். பெயர் மார்லா. வெர்னிஸுக்கு எதிர்வீடு. அதனால் பின்னால் நடந்ததில் பாதியை அலுவலக ஜன்னல் வழியாகவும் மீதியை என் வீட்டு ஜன்னல் வழியாகவும் பார்த்தேன்.

அவர் கணவர் ஆல்வின் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது காது கேட்காது. பூசையில் வெர்னிஸை எப்போதும் இடது பக்கம்தான் உட்காரவைப்பார். பிள்ளைகள் இரண்டும் விச்சிட்டா நகரத்தில்.

ஊருக்குக் கிழக்கே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. தண்டவாளத்துக்கும் வேலிக்கும் நடுவில் பத்து மைல் நீளத்துக்கு ஒரு துண்டு நிலம், ஏர் படாதது. எங்கள் முப்பாட்டன்மார் வோல்கா கரையிலிருந்து வந்து இறங்கியபோது இந்த நாடு முழுக்க எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் தன் மருந்து வண்டி அங்கே ஒருமுறைகூட நின்றதில்லை என்பதை வெர்னிஸ் வேலையின் கடைசி மாதத்தில்தான் யோசித்துப் பார்த்தார். நிற்க வேலை இல்லை. அங்கே இருந்த புல் வேறு எதையும் உள்ளே விட்டதில்லை. யாரும் தண்ணீர் விடவில்லை, உரம் போடவில்லை, நோட்டீஸ் அனுப்பவில்லை.

ஓய்வு பெற்ற அக்டோபரில் நான்கு காபி டின்களோடு போய் விதை உருவிக்கொண்டு வந்தார். ஆல்வினுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானும் தள்ளப்போவதில்லை என்று வெர்னிஸ் சொல்லிவிட்டார். அவர் புல் வளர்க்கத் தொடங்கிய காரணம் இதுதான். பின்னாளில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து வேறு பெரிய காரணம் ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டாள். இல்லை என்றுவிட்டார்.

அடுத்த ஏப்ரலில் தன் வீட்டு முன்புறப் புல்தரைக்குத் தானே மருந்தடித்தார்.

வாசற்படியில் நின்று பார்த்த ஆல்வின், "என்ன வெர்ன், நம்ம வீட்டுக்கேவா? நோட்டீஸ் கொடுத்தியா?" என்றார்.

"நோட்டீஸ் கொடுத்தா பதினஞ்சு நாள் காத்திருக்கணும்," என்றார் வெர்னிஸ்.

முட்டை அட்டைகளில் விதை போட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் நாற்று எழுப்பினார். ஜூனில் மண் நன்றாகச் சூடேறிய பிறகு நட்டார். தெரு ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாத எருமைப் புல். அதற்குப் பின்னால் இடுப்பளவு வரும் சின்ன நீலத்தண்டு, ஒன்றரை அடிக்கு ஒன்று. வீட்டுச் சுவரையொட்டி, கதிர் மூன்றாகப் பிரிந்து பறவைக் கால் போல நிற்குமே, வான்கோழிக்கால் புல், அது. முதல் கோடை முழுக்க வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டார். அதற்கப்புறம் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டியவர் மாட்டியவர்தான்.

முதல் வருஷம் வெறும் மண்ணும் நடுநடுவே நாலைந்து மயிரிழையும்தான் தெரிந்தன. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஊரில் விசாரித்தார்கள். இரண்டாம் வருஷம் முழங்கால்வரை வந்தது. மூன்றாம் வருஷம் ஆகஸ்டில், எதிர்வீட்டிலிருந்து எனக்கு வெர்னிஸ் வீட்டு ஜன்னல் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஜீன் ட்ரைலிங்குக்கும் தெரியவில்லை.

ஜீன் பயிர்க் காப்பீட்டு முகவர், நகரசபை உறுப்பினர். அவரும் ஆல்வினும் வெர்னிஸும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு. அவருடைய புல்தரையை பில்லியர்ட்ஸ் மேஜை என்றுதான் ஊரில் சொல்வார்கள். செவ்வாய், சனி என்று வாரம் இருமுறை வெட்டுவார். செவ்வாய்க்கிழமை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, சனிக்கிழமை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. அவர் மனைவி ரோஸலி அந்தப் புல்லில் செருப்போடு நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஜீன் புகார் எழுதிக் கொடுத்தார். குடியிருப்பில் புல்லும் களையும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது என்பது நகரசபை விதி. நோட்டீஸைத் தட்டச்சு செய்தது நான். அதை எடுத்துக்கொண்டு வெர்னிஸ் அலுவலகத்துக்கே வந்தார்.

"மார்லா, இதுல தேதி போடலை நீ. தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது."

"மன்னிச்சுக்கோங்க வெர்னிஸ். வேற அடிச்சுத் தரேன்."

"அடி. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்து, சரியான நோட்டீஸை வாங்கிக்கொண்டு போனார்.

விசாரணை அன்று சபை நிரம்பி வழிந்தது. வாழ்நாள் முழுக்க நோட்டீஸ் வாங்கியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேயர் டோனா ஷ்மிட்லர் தொடங்கினார்.

"விதி பன்னிரண்டு அங்குலம். உங்க புல்லு எவ்வளவு வெர்னிஸ்?"

"எழுபத்திநாலு. காலையில அளந்தேன். காத்து அடிச்சா எழுபது."

"ஒத்துக்கறா. எழுதிக்கோ மார்லா," என்றார் ஜீன்.

வெர்னிஸ் கைப்பையிலிருந்து மாவட்டக் களைப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தப் பட்டியலை எல்லோருக்கும் தெரியும். பாதி வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும்.

"என் வாசல்ல இருக்கறது எதாவது இதுல இருந்தா காட்டு ஜீன். நானே பிடுங்கிப் போட்டுடறேன்."

"களை இல்லாட்டி என்ன, புல்லுதானே. புல்லுக்கும் அதே விதிதான்."

"சரி. ஊர் எல்லையில வரவேற்புப் பலகைக்குக் கீழ நகராட்சி என்ன விதைச்சிருக்கு?"

"கோதுமை."

"கோதுமை என்ன உசரம் வரும்?"

ஜீன் இடுப்பு உயரத்துக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் இறக்கிக்கொண்டார்.

"கோதுமையும் புல்லுதான் ஜீன்."

அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோதுமை விவசாயிகள். நடுப்பூசையில் யாரோ ஏப்பம் விட்டதுபோல ஓர் அமைதி.

"கோதுமைய நாம திங்கறோம்," என்றார் ஜீன்.

"பலகைக்குக் கீழ இருக்கறதையா?"

ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில், வேண்டுமென்றே வளர்க்கப்படும் அழகுப் புல்லுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தெரிவதற்காக வெர்னிஸ் சுண்ணாம்புக் கல்லில் வரிசையாகக் கரை கட்டி, நடைபாதை ஓரமாக இரண்டடி அகலத்துக்கு மட்டும் ஒட்ட வெட்டி வைத்தார். கரை கட்டியதும் ஊர்க்காரர்கள் பலருக்கு அந்தப் புல் திடீரென்று அழகாகத் தெரிய ஆரம்பித்தது. இலையுதிர் காலத்தில் நீலத்தண்டு செம்பு நிறமாகி, பனியிலும் அப்படியே நின்றது. கோயிலுக்குப் போகும்போது வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். ஜீன் மட்டும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் அவரும் வெர்னிஸும் பேசிக்கொள்ளவில்லை. ஆல்வின் இரு பக்கமும் பேசுவார், ஆனால் யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை என்றுவிடுவார்.

பிறகு 2012 வந்தது.

மார்ச்சுக்குப் பிறகு மழை இல்லை. ஜூனில் பதினேழு நாள் நூறு டிகிரிக்கு மேல் போனது. ஊர்க் கிணறுகளில் மட்டம் இறங்கவே, புல்தரைக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று நகரசபை தடை போட்டது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜீன். முன்மொழிந்த கையோடு வீட்டுக்குப் போய்த் தன் ஸ்பிரிங்க்ளரைக் கழற்றி, தெரு பார்க்கத் துடைத்து, உள்ளே வைத்துப் பூட்டினார். நானே பார்த்தேன்.

ஜூலை பத்தாம் தேதிக்குள் ஊர் முழுக்க மளிகைக் கடைக் காகிதப் பை நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு இடம்தான் விலக்கு. வெர்னிஸ் வீட்டுப் புல் வழக்கம்போல நின்றது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்று ஜீன் வீடு. அவருடைய புல்தரையில் பாதிக்கு மேல் பச்சை.

கிணற்றிலிருந்து ஏறும் தண்ணீருக்கும் வீடுகளின் மீட்டரில் ஓடும் தண்ணீருக்கும் கணக்கு உதைக்கிறது என்று நான் மே மாதமே மேயரிடம் சொல்லியிருந்தேன். ஜூலையில் டோனா ஜீன் வீட்டுப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்து, "கணக்கு எங்க உதைக்குதுன்னு கண்ணுலயே தெரியுதே," என்றார். ஜீன் வீட்டு மீட்டர் போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் ஓடியிருந்தது. டோனாவிடம் எடுத்துக் காட்டினேன். மீட்டருக்குத் தெரியாமல் தனிக் குழாய் போட்டிருப்பான் என்றார். ஊரில் சொல்லலாமென்றால், ஒருவர் வீட்டு அளவை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லாமல் இருந்தேன். விதி எனக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒருநாள் காலை ஜீன் வீட்டுப் பச்சைப் புல்லில் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுநாள் இரண்டு. வாரக் கடைசியில் ஆறு. எடுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று ஜீன் எடுக்கவில்லை. கூட்டுறவுக் கடையில் காலை காபி மேஜைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர், "உக்காரு ஜீன், தண்ணி எதாவது சாப்பிடறியா?" என்பார். பூசையில் தீர்த்தம் தெளிக்கும்போது இருமினார்கள். நாற்பது வருஷம் இந்த ஊர்க்காரர்களின் ஆலங்கட்டி மழைச் சேதத்தை நேர்மையாக அளந்த மனிதர் அவர். ரோஸலி கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஜூலை கடைசி வாரம் ஒரு மதியம், கோயில் விருந்துக்காக நானும் வெர்னிஸும் அவர் வீட்டுச் சமையலறையில் முட்டைகோஸும் இறைச்சியும் அடைத்த பீராக் பன் செய்துகொண்டிருந்தோம். முந்நூறு பன்னுக்கு முட்டைகோஸ் நறுக்க வேண்டும். கதவைத் தட்டும் சத்தம். ஆல்வின் திறந்தார். ஜீன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாப்பா," என்றார் ஆல்வின்.

ஜீன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "வெர்னிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் தண்ணி விடறேன்னு நீயும் நினைக்கறியா?" என்றார்.

வெர்னிஸ் கத்தியை வைக்கவில்லை.

"இல்லை."

"இல்லையா?"

"ஸ்பிரிங்க்ளர் வட்டமா அடிக்கும். உன் பச்சை பட்டையா நேராப் போகுது. என் கரைக்கல்லுக்குப் பதினாலு அடி தள்ளி ஆரம்பிச்சு, தெருவுக்கு இணையா, சரிவு பக்கமா அகலமாகிட்டே போகுது. அதுக்கு நேர் கீழதான் ஊர்க் குழாய் ஓடுது. பழைய இரும்புக் குழாய். அது ஒழுகுது."

ஜீன் திரும்பித் தன் புல்தரையைப் பார்த்தார். "இது உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா வாத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கியா?"

"நீ கேக்கலை."

வெர்னிஸ் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல் வாரம் எனக்கு நல்லா இருந்தது ஜீன். பொய் சொல்ல மாட்டேன். காலையில எந்திரிச்சு வாத்தை எண்ணிட்டுத்தான் காபி போட்டேன். ரெண்டாம் வாரம் ரோஸலி கோயில்ல பின்வரிசையில போய் உக்காந்தா. அதுக்கப்புறம் நல்லா இல்லை. நான் வந்து சொல்லியிருக்கணும். வரலை."

"வந்திருக்கணும்," என்றார் ஜீன்.

"ஆமா."

"நானும் அன்னிக்குப் புகார் எழுதறதுக்கு முன்னாடி உன் கதவைத் தட்டியிருக்கணும்."

"ஆமா," என்றார் வெர்னிஸ் மறுபடியும். "மார்லா, கென்னிக்கு போன் போடு."

கென்னி வெர்த் எங்கள் நகராட்சியின் தண்ணீர்த் துறை. நாய் பிடிப்பதும் நீச்சல் குளமும் அவனேதான். மறுநாள் காலை பொக்லைனோடு வந்து, நிலத்தில் காதுக்குழலை வைத்துக் கேட்டு, "ஆமா, பேசுது," என்றான். பழுதை எடுக்க வேண்டுமானால் ஜீன் புல்தரையின் குறுக்கே வெட்டி, வெர்னிஸ் பக்கத்திலும் ஆறேழு அடி போக வேண்டும், இல்லாவிட்டால் குழாயைப் பிடிக்க வாகு கிடைக்காது என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டு இதை வெர்னிஸிடம் சொன்னான். அவனுடைய அப்பா நான்கு நோட்டீஸ் வாங்கியவர்.

"வெட்டு. ஆனா நேரா வெட்டு," என்றார் வெர்னிஸ்.

பத்து மணிக்குள் ஊரில் பாதி மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டது. ஜீன் எங்கே தனிக் குழாய் போட்டிருக்கிறார் என்று பார்க்க வந்தவர்கள். வந்தவர்களுக்கெல்லாம் வெர்னிஸ் ஆளுக்கொரு பீராக் கொடுத்தார். கோயில் விருந்துக்கு என்று செய்ததில் பாதி அங்கேயே போய்விட்டது.

ஐந்தடியில் குழாய் தென்பட்டது. வயிற்றில் துருப்பிடித்து, குழந்தையின் முஷ்டி அளவுக்கு ஓட்டை. தண்ணீர் சத்தமில்லாமல் ஜீன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தனிக் குழாய் எதுவும் இல்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் பீராக்கை மெல்ல மென்றார்கள்.

குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிச் சரிசெய்த பிறகுதான் இன்னொன்றும் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஜீன் பக்கத்து மண்சுவரில் புல்லின் வேர் நான்கு விரற்கிடை இருந்தது. கம்பளம் விரித்த மாதிரி. அதற்குக் கீழே மண், மண், குழாய். வெர்னிஸ் பக்கத்துச் சுவரில் மேலிருந்து அடிவரை வெள்ளை நூலாக வேர் தொங்கியது. ஆல்வின் ஏணி வைத்து, ஆபரேஷன் செய்த முழங்காலோடு குழிக்குள் இறங்கி, டேப்பைப் பிடித்தார்.

"ஆறடி ஏழு அங்குலம்," என்று மேலே பார்த்துச் சொன்னார். "வேர் முடியலை. குழிதான் முடிஞ்சுபோச்சு."

மேயர் டோனா விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜீனைத் திருடன் என்று ஒரு மாதமாகச் சொன்னவருக்கு வேறு ஒரு திருடன் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

"அப்போ இந்த வேர்தான் போய்க் குழாயை உடைச்சிருக்கு," என்றார். "அன்னிக்கே பன்னிரண்டு அங்குலத்துல வெட்டச் சொல்லியிருந்தா இவ்வளவு தண்ணி வீணாயிருக்காது. விதிவிலக்கு கொடுத்தது நம்ம தப்பு."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பீராக்கைத் தின்றவர்களும் ஆட்டினார்கள். வெர்னிஸின் முகம் சிவந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஜீன் ஏணியைக் காட்டினார்.

"டோனா, உள்ள இறங்கு."

"எதுக்கு?"

"இறங்கிப் பாத்துட்டுப் பேசு. ஓட்டை என் பக்கம் இருக்கு. அவ செடி பதினாலு அடி தள்ளி இருக்கு. வேர் தையல் நூல் தடிமன் இல்லை, அது இரும்பை உடைக்குமா? பாக்காமலே பேசினா என்ன ஆகும்னு தெரியணும்னா, அந்தா, பதினொரு வாத்து இருக்கு, போய்க் கேளு."

டோனா இறங்கவில்லை. கென்னி குழிக்குள் இருந்தபடி, "துருதாங்க. எண்பது வருஷக் குழாய்," என்று யாருக்கும் குறிப்பாகச் சொல்லாமல் சொன்னான். நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. போகும்போது மூன்று பேர் ஆளுக்கு மூன்று நான்கு வாத்துகளை அக்குளில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். யார் கொண்டுவந்து வைத்தது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதில் ஒருவர் எங்கள் ஃபாதரின் அண்ணன்.

கென்னி மாலைக்குள் குழாயை அடைத்துக் குழியை மூடினான். கணக்கு உதைப்பது நின்றது. மூன்றே வாரத்தில் ஜீனுடைய புல்தரை முழுவதும் செத்தது.

ஜீன் அதை லேசாக ஏற்றுக்கொள்ளவில்லை. தூரத்து ஊரிலிருந்து புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கும் ஆளை வரவழைத்தார். அவன் அடித்துவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில் மழை வந்தது. அந்தக் கோடையில் பெய்த ஒரே மழை, கால் அங்குலம். பச்சைத் தண்ணீர் எங்கள் தெருச் சாக்கடையில் ஓடி அஞ்சல் நிலையம்வரை போனது. ஜீன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது ஓடி முடியும்வரை பார்த்தார். பிறகு குடை எடுத்துக்கொண்டு வெர்னிஸ் வீட்டுக்குப் போனார்.

"எனக்கும் போட்டுக் கொடு," என்றார்.

"இப்போ போடக்கூடாது. மே கடைசிதான்."

"அதுவரைக்கும் வெறும் மண்ணா கிடக்கணுமா? எட்டு மாசமா?"

"வெறும் மண்ணைப் பாத்து யாரும் செத்ததில்லை."

"எனக்கு உசரமா வேண்டாம். வெட்டறதுக்கு எதாவது வேணும். வெட்டாம என்னால இருக்க முடியாது வெர்னிஸ்."

வெர்னிஸ் யோசித்து எருமைப் புல் என்றார். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வெட்டிக்கொள்ளலாம். வாரம் இருமுறையா என்று ஜீன் கேட்டார். வருஷத்துக்கு என்றார் வெர்னிஸ்.

அடுத்த மே மாதம் ஜீன் நூல் கட்டி, அடிக்கு ஒன்றாக, படை அணிவகுப்பு மாதிரி நாற்று வைத்தார். ஓரத்தில் மட்டும் வரிசையாக நீலத்தண்டு. அதை ரோஸலி கேட்டாள், ஜீன் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் உர மூட்டையோடு நின்றவரை வெர்னிஸ் வேலிக்கு அப்பால் இருந்து பிடித்தார்.

"என்ன அது?"

"கொஞ்சமாத்தான்."

"உரம் போட்டா கொழுத்துப்போய்ப் படுத்துக்கும். உன் மச்சான் மாதிரி. மூட்டைய இப்படிக் கொடு."

கொடுத்தார்.

அதற்கடுத்த ஏப்ரல் இன்னும் மோசம். ஊரில் மற்ற புல்தரைகளெல்லாம் பச்சை கட்டிவிட்டன. எருமைப் புல் மட்டும் வைக்கோலாகக் கிடந்தது. ஜீன் தினமும் காலையில் வந்து கதவைத் தட்டினார்.

"செத்துடுச்சு வெர்னிஸ்."

"சாகலை."

"எப்படித் தெரியும்?"

"மே மாசம் தெரியும்."

மே மாதம் தெரிந்தது. அந்த வாரம் கூட்டுறவுக் கடைக் காபி மேஜையில் எல்லோருக்கும் ஜீன்தான் காபி ஊற்றினார் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷக் கடைசியில், அழகுப் புல்லுக்கு விதிவிலக்கு என்பதை எடுத்துவிட்டு விதியையே மாற்றி எழுதும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். உயரத்தைப் பற்றிய வாக்கியம் போய், மாவட்டக் களைப் பட்டியலில் உள்ளவை கூடாது என்று வந்தது. டோனா மட்டும் எதிர்த்து வாக்களித்தார். எங்கள் தெருவில் இன்று ஐந்து வீடுகளில் அந்தப் புல் இருக்கிறது. என் வீட்டிலும். எனக்கு நாற்று கொடுத்தபோது வெர்னிஸ் எழுத்தில் விதிமுறைகளும் கொடுத்தார். தேதி போட்டிருந்தது.

2016 பிப்ரவரியில் வெர்னிஸ் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து வந்து முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மார்ச் பாதியில் புல்லின் காய்ந்த பழைய தண்டையெல்லாம் தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டு அறுத்தெடுக்க வேண்டும், புதுத் துளிர் வருவதற்கு முன்னால். இலையுதிர் காலத்திலேயே அறுக்கக்கூடாது, குளிர்காலம் முழுக்கக் குருவிகளுக்கு அது வேண்டும். மார்ச்சில் அறுக்காமலும் விடக்கூடாது. ஆல்வினால் குனிய முடியாது.

ஜீன் வந்தார், எழுபத்துநான்கு வயதில், மின் கத்தரியும் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு புல்குத்தையும் முதலில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிறகு அடியில் அறுத்து, கட்டாகவே தூக்கி வைத்தார். நாலு அங்குலத்துக்கு மரத்துண்டு ஒன்றை அளவு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். வெர்னிஸ் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். தப்பாகப் போனால் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டுவார். ஜீன் நிமிராமலே சரிசெய்வார். அன்று நான் சூப் கொண்டுபோயிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் எட்டு முறை தட்டினார்.

எல்லாம் முடிந்து ஜீன் கயிற்றைச் சுருட்டியபோது, நடுவில் ஒரு குத்து மட்டும் அறுக்காமல் நின்றது. வெர்னிஸ் தட்டினார். ஜீன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கத்தரியைத் துடைத்தார். வெர்னிஸ் மறுபடி தட்டினார்.

"ஆல்வின், ஒண்ணு விட்டுட்டான். போய் என்னன்னு கேளு."

ஆல்வின் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருவரும் அந்தக் குத்தருகே நின்று பேசினார்கள். ஜீன் வலது காதுப் பக்கம் வந்து இன்னொரு முறை சொன்னார். ஆல்வின் குனிய முடியாமல் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"முயல் குட்டி போட்டிருக்காம்," என்றார். "நாலு இருக்கு."

வெர்னிஸ் கைத்தடியைக் கட்டில் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"சரி, விட்டுடச் சொல்லு," என்றார். "சூப் ஆறுது. அவனையும் கூப்பிடு."